நெல்லு விலையும் ஒரு துண்டுப்பிரசுரமும்: படுவான்கரை வட்டையொன்றில் நடந்த நிகழ்வின் ஆய்வு

2024/25 பெரும்போக (மாரிமழையில் செய்யும் பெரிய போகம்) அறுவடையின்போது, இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கத்துக் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு ஒன்றுக்குள் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அந்த அமைப்புக்கு மனு எழுதுவது, கணக்குப் பார்ப்பது போன்ற வேலைகளில் நான் உதவி வருகிறேன். ஊரின் பெயரோ வட்டையின் (சேர்ந்து கிடக்கும் வயல்வெளியின்) பெயரோ ஆட்களின் பெயர்களோ இதில் வராது. நெல் வாங்கி விற்கும் முறையில் அநியாயம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அநியாயத்தை எப்படிப் பேசுவது என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்தது. மற்ற வட்டைக்காரர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

இந்த வட்டையில் பெரும்பாலானவர்கள் இரண்டு, மூன்று ஏக்கர் செய்கிறவர்கள். சிலருக்குச் சொந்தக் காணி, பலருக்குப் பேமிற் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது), மற்றவர்களுக்குக் குத்தகை. பேமிற் காணியை வைத்து வங்கியில் பெரிதாகக் கடன் எடுக்க முடியாது. குத்தகைக்காரனுக்கு அதுவும் இல்லை. அந்தப் போகத்தில் அரசாங்கம் ஹெக்டயருக்கு 25,000 ரூபாய் பசளை மானியம் அறிவித்திருந்தது. அது கமநல சேவை நிலையத்தில் (விவசாயிகளுக்கான அரச அலுவலகத்தில்) யாருடைய பெயரில் காணி பதிவாகியிருக்கிறதோ அவருடைய கணக்குக்குப் போனது. மண்ணில் இறங்கி விதைத்தவர் வேறு ஆளாக இருந்தால், காணிக்காரர் மனம் வைத்தால்தான் அவருக்கு ஏதாவது கிடைத்தது.

ஆகவே ஒக்டோபரில் விதைநெல், பசளை, களைநாசினி எல்லாம் போகக் கடனுக்கு வாங்குவதே வழக்கம். கொடுப்பவர் நெல் வாங்கும் வியாபாரிதான். கையில் காசு கொடுத்தால் 10,000 ரூபாய்க்கு வரும் சாமானுக்குக் கடனென்றால் 12,000 எழுதுவார்கள். அறுவடை முடிந்ததும் அவருக்கே நெல்லைப் போட்டுக் கழிக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு 20 வீதம் என்றால் ஆண்டுக்கு 60 வீதம். இதை ஊரில் யாரும் வட்டி என்று சொல்வதில்லை. கடன் விலை என்றுதான் சொல்வார்கள்.

இதன் மேல் இரண்டு அடி விழுந்திருந்தது. 2021 இல் இரசாயனப் பசளைக்கு வந்த தடையால் அடுத்த பெரும்போகம் பாதியாகக் குறைந்த குடும்பங்கள் அந்தக் கடனை இன்னும் முடிக்கவில்லை. 2024 நவம்பர் கடைசியில் வந்த பெருவெள்ளம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இளம் பயிரை மூடியது. எங்கள் வட்டையின் பள்ளப் பக்கத்தில் இருந்தவர்கள் மறுபடி விதைத்தார்கள். அந்த விதைநெல்லும் கடன்தான்.

அறுவடை தை மாதத்தில் தொடங்கியபோது அரசாங்கம் தான் நெல் வாங்குவதற்கு வைக்கும் உத்தரவாத விலை இன்னும் வரவில்லை. 2025 பெப்ரவரி முதல் வாரத்தில்தான் நாட்டு நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132 என்று அறிவித்தார்கள். அந்த முழு விலையும் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லுக்குத்தான். அறுவடை மெசினிலிருந்து இறங்கும் நெல் அவ்வளவு காய்ந்திருக்காது. காய வைக்கத் தளம் இல்லாததால் எங்கள் பக்கம் தார் வீதிதான் காயப்போடும் களம். அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியமும் அப்போது திறக்கவில்லை.

வியாபாரிகள் அந்த வாரம் சொன்ன விலை, நாட்டு நெல் ஈரத்தோடு கிலோ 95 ரூபாய். மூடைக்கு 69 கிலோ நிறுத்து 66 கிலோவுக்குக் காசு. அந்த மூன்று கிலோ, கழிவு.

துண்டுப்பிரசுரம்

120 என்று அறிவிப்பு வந்த இரவே வாட்ஸ்அப்பில் கொதிப்பு தொடங்கியது. "120 ஐ 95 ஆக்கினவன் ஆர்?" என்பதுதான் எல்லார் வாயிலும். மறுநாள் நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து துண்டுப்பிரசுரம் ஒன்றை எழுதினார்கள். நடுவில், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருவரின் முகம். அவருடைய பேஸ்புக்கிலிருந்து எடுத்த கலியாண வீட்டுப் படம் அது. மேலே "இரத்தம் குடிக்கும் முதலாளி" என்றும், கீழே "எங்கட நெல்லில பாதிய இவன் தின்கிறான்", "அவங்கட லொறி இனி எங்கட ஊருக்குள்ள வரக்கூடாது" என்றும் எழுதியிருந்தது.

முதல் வரியில் ஓர் ஆள் இருந்தார். கடைசி வரியில் "அவங்கட" என்று ஒரு சமூகம் முழுவதும் வந்துவிட்டது. எழுதிய பிள்ளைகள் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தில் எழுதும் கை அந்தப் பக்கம் போவதற்கு இந்த மண்ணில் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. 1990 இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்த கொலைகளின் நினைவு இரண்டு பக்கத்துக் குடும்பங்களிலும் இருக்கிறது. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பிரசாரம் எவ்வளவு சுலபமாகப் பரவியது என்பதையும் பார்த்தோம்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் வட்டையில் அப்போது நெல் வாங்கியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் தமிழர்கள், அதில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். மூவரும் 95 தான் சொன்னார்கள், மூவரும் மூன்று கிலோதான் கழித்தார்கள். துண்டுப்பிரசுரத்தில் ஒருவரின் முகம் மட்டும் இருந்தது.

அது அச்சுக்குப் போகுமுன் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. அன்று மாலை சந்தியில் லொறியை மறித்தார்கள். வாக்குவாதத்தில் சாரதிக்கு அறை விழுந்தது. சாரதி பக்கத்து ஊர்த் தமிழ்ப் பொடியன், நாட்கூலிக்கு லொறி ஓட்டுகிறவன். முதலாளி அந்த நேரம் வாவிக்கு அந்தப் பக்கம் தன் வீட்டில் இருந்தார். அடித்தவரின் தகப்பனார் அன்றிரவே சாரதியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபடியால் விஷயம் பொலிசுக்குப் போகவில்லை.

பல்தேவைக் கட்டடத்தில் கூட்டம்

அடுத்த நாள் பின்னேரம் அமைப்பின் தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். துண்டுப்பிரசுரத்தை அச்சடித்துக் கொக்கட்டிச்சோலை வரை ஒட்டுவதா, நிறுத்துவதா என்பதே கேள்வி.

நிறுத்த வேண்டும் என்றவர்களில் சில பெரியவர்கள் வழக்கமான பேச்சையே பேசினார்கள்: தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள், ஒற்றுமை முக்கியம் என்று. இந்தப் பேச்சு மேடையில் நல்லாக இருக்கும். 95 ரூபாய்க்கு நெல்லைப் போட்டுவிட்டு வந்தவனுக்கு அது பதில் ஆகாது. இளைஞர்களில் ஒருவர் எழும்பி, "மரியாதையாக் கேட்டு இத்தனை வருசத்தில என்ன கிடைச்சது?" என்று கேட்டபோது கூட்டம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. அது நியாயமான கேள்வி. அநியாயம் நடக்கும் இடத்தில் ஒற்றுமை பேசுவது, பேசுபவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவனை வாயை மூடு என்பதாகவே போய்ச் சேரும்.

கூட்டத்தைத் திருப்பியது வேறொரு பேச்சு. கணவரை இழந்து இரண்டரை ஏக்கர் தனியாகச் செய்யும் ஓர் அம்மா சொன்னார்: "அந்த ஆள்ற படத்தை ஊரெல்லாம் ஒட்டுங்க. அவர் வராம விட்டா நாளைக்கு வேற ஆள் வருவார், அவரும் மூணு கிலோதான் கழிப்பார். என்ட கடன் அப்பிடியே தான் நிக்கும்." அதோடு இன்னொன்றும் கேட்டார்: "பாதியத் தின்கிறார் எண்டு எழுதியிருக்கீங்களே, ஆராவது கணக்குப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

மூன்று முடிவுகள் எடுத்தார்கள். துண்டுப்பிரசுரத்தை ஒட்டுவதில்லை, வாட்ஸ்அப்பில் போட்டவர்களே அதை நீக்குவது. ஒரு கிலோ நெல்லின் காசு யார் யார் கைக்குப் போகிறது என்று கணக்கெடுப்பது. அந்தக் கணக்கை வைத்து அரச திணைக்களங்களுக்கும் வியாபாரிகளுக்கும் ஒரே மனுவை எழுதுவது. கணக்கெடுக்கும் குழுவில் துண்டுப்பிரசுரம் எழுதியவர்களில் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும் என்று செயலாளர் வற்புறுத்தினார். என் பார்வையில் அன்றைய சரியான முடிவு அதுதான். அவர்களை வெளியே விட்டிருந்தால் அந்தக் கோபம் வேறு சந்தியில் வேறு லொறியைத் தேடியிருக்கும்.

ஒரு கிலோ நெல்லின் கணக்கு

முதலில் தண்ணீர்க் கணக்கு. கமநல நிலையத்து ஈரமானியில் எங்கள் நெல் 22 வீதம் அளவில் காட்டியது. அப்படியென்றால் 100 கிலோ ஈரநெல்லில் 78 கிலோதான் நெல், மீதி நீர். அதை 14 வீதத்துக்குக் காய வைத்தால் 90.7 கிலோ நிற்கும். 9,500 ரூபாயை 90.7 ஆல் பிரித்தால் கிலோ 104 ரூபாய் 74 சதம். ஆக 120 க்கும் 95 க்கும் நடுவில் நாங்கள் பார்த்த 25 ரூபாயில் 10 ரூபாய் அளவு வெறும் தண்ணீர். அதை யாரும் தின்னவில்லை.

அடுத்தது கழிவுக் கணக்கு. 66 கிலோவுக்குக் கிலோ 95 ரூபாய்ப்படி 6,270 ரூபாய். போட்டது 69 கிலோ. பிரித்தால் கிலோவுக்கு 90 ரூபாய் 87 சதம்தான் வருகிறது. ஈரநெல் என்று விலையைக் குறைத்துவிட்டு, ஈரம் இருக்கிறது என்று சொல்லியே நிறையிலும் கழிக்கிறார்கள். ஒரே தண்ணீருக்கு இரண்டு முறை பணம் கழிகிறது. காய்ந்த நெல்லாகக் கணக்கிட்டால் விவசாயியின் கையில் வந்தது கிலோவுக்கு 100 ரூபாய்.

தராசுகளையும் பார்த்தோம். பை பிரிக்காத 50 கிலோ பசளையை மூன்று வியாபாரிகளின் தராசிலும் வைத்தோம். இரண்டு சரி. ஒன்று ஒரு கிலோ குறைத்துக் காட்டியது. அது துண்டுப்பிரசுரத்தில் வராத எங்கள் ஊர்க்காரருடையது. அவர் வேண்டுமென்றே செய்தாரா, தராசு பழசா என்பதை நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. தராசுகளை ஆண்டுதோறும் அரச முத்திரைக்குக் கொண்டு போக வேண்டும் என்பது சட்டம். அதில் அந்த ஆண்டின் முத்திரை இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அது போதுமான அளவு கடுமையானது.

பிறகு முகம் போட்ட வியாபாரியையே வரச் சொன்னோம். வரமாட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். மண்முனைப் பாலத்தால் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார், கையில் ஒரு கொப்பி. உட்கார்ந்ததும் முதலில் சாரதிப் பொடியனைப் பற்றித்தான் கேட்டார். அப்புறம், "என்ட மகள்ற கலியாணத்தில எடுத்த படம் அது" என்றார். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் பேசவில்லை.

தலைவர்தான் தொடங்கினார். "நானா, நடந்தது பிழை. ஆனா மூணு கிலோ கழிக்கிறதும் பிழைதான். அதைக் கதைக்கத்தான் கூப்பிட்டம்."

"கதைப்பம் தலைவர். நான் பிசாசு எண்டா எனக்குக் காசு தாற மில்காரர் ஆர்? அவருக்குக் கடன் குடுக்கிற பேங்க் ஆர்?" என்றபடி கொப்பியைத் திறந்தார்.

அந்தக் கொப்பியில் இருந்தது இதுதான். பொலன்னறுவைப் பக்கத்து ஆலை வாசலில் அதே ஈரநெல்லுக்கு அவருக்குக் கிடைத்த விலை 104 ரூபாய். அங்கேயும் மூடைக்கு ஒரு கிலோ கழிக்கிறார்கள். அதைக் கழித்தால் 102 ரூபாய் 50 சதம் அளவு. எங்களிடம் வாங்கியது கழிவு போக 90 ரூபாய் 87 சதம். இடையில் 11 ரூபாய் 60 சதம் சொச்சம். லொறி, ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்கு, ஊர்த் தரகு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7 ரூபாய். மிச்சம் 4 ரூபாய் 60 சதம். ஆலை அவருக்குக் கொடுப்பது மூன்று வாரத்துக்குப் பிந்திய திகதியிட்ட செக். அந்த மூன்று வாரமும் அவர் வேறு ஆளிடம் காசு புரட்டி எங்களுக்குக் கொடுக்கிறார்.

மூன்று கிலோக் கழிவின் பெறுமதி கிலோவுக்கு 4 ரூபாய் 13 சதம். அதாவது நெல் வியாபாரத்தில் அவருக்கு நிற்கும் இலாபம் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கழிவுதான். குழுவில் இருந்த எல்லாருக்கும் இது அதிர்ச்சியாக இருந்தது. அவர் சொன்ன இன்னொரு தகவலும் அப்படியே: அவருடைய தம்பி சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறார், அவரும் அதே வாரம் அதே விலைக்குத்தான் நெல்லைக் கொடுத்தார்.

அவர் தானாகச் சொல்லாத பகுதியை இளைஞர் ஒருவர் கேட்டார்: போகக் கடனில் 10,000 க்கு 12,000 எழுதுகிறீர்களே, அது இந்தக் கொப்பியில் எங்கே? வியாபாரியின் முகம் மாறியது. வெள்ளத்தில் அழிந்தவர்களின் கடனை அடுத்த போகத்துக்குத் தள்ளியிருப்பதையும், தராமல் போனவர்கள் இருப்பதையும் சொன்னார். அதுவும் உண்மைதான், பெயர் சொல்லாமல் எங்களுக்கே தெரியும். ஆனாலும் ஆண்டுக்கு 60 வீதம் என்பதை அது நியாயமாக்காது. அதை அவர் முன்னாலேயே சொன்னோம். அவரும் எழும்பிப் போகவில்லை.

ஆலைக்கு அப்பால் எங்களால் போக முடியவில்லை. ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகக் காய்ந்த நெல் வேண்டும். கழிவைப் பார்க்காமல் ஆலையின் 104 ரூபாய் விலைப்படி அது 176 ரூபாய் நெல். 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு வைத்த கட்டுப்பாட்டு விலை மொத்தமாக 225, சில்லறையாக 230. நடுவில் உள்ள 49 ரூபாயில் காயவைக்கும் செலவு, மின்சாரம், பொதி, போக்குவரத்து, வட்டி எவ்வளவு, இலாபம் எவ்வளவு என்பது எந்த விவசாயிக்கும் திறந்து காட்டப்படுவதில்லை. அதே ஆலை தவிட்டையும் விற்கிறது. அரசியல்வாதிகள் இதை "அரிசி மாபியா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சைப் பல தேர்தல்களாகக் கேட்கிறோம், எங்கள் வட்டைக்குக் காயப்போடும் தளம் ஒன்று அதனால் வரவில்லை.

கணக்கு முடிந்தபோது துண்டுப்பிரசுரத்தின் ஒவ்வொரு வரியும் பிழையாகியிருந்தது. பாதியை யாரும் தின்னவில்லை; கடைசியில் கடைக்காரர் விற்கும் 230 ரூபாயில் விவசாயிக்கு 154 ரூபாய் அளவு வருகிறது. ஆனால் அந்த 154 க்குள் வெள்ளத்தில் அழிந்த முதல் விதைப்பு, கடன் விலைப் பசளை, உழவு, வெட்டுக்கூலி எல்லாம் அடங்குகிறது. மழையின் நட்டம் முழுவதும் ஒருவன் தலையில். அவனுக்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்க வழியில்லை, ஏனென்றால் கடன்காரர் வாசலில். அவனுக்கு மேலே இருக்கும் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருக்க வசதி கூடிக்கொண்டே போகிறது. வியாபாரிக்கு மூன்று வாரம், ஆலைக்கு ஆறு மாதம். எல்லாரும் ஒரே மாதத்தில் அறுத்து ஒரே மாதத்தில் விற்க வேண்டிய இடத்தில் விலை விழத்தான் செய்யும். அநியாயம் எங்கே இருக்கிறது என்று நான் கண்டது இங்கேதான். ஒரு முகத்தைப் போட்டு ஒட்டியிருந்தால் இது ஒன்றுமே கண்ணில் பட்டிருக்காது. கூட்டத்தில் அந்த வியாபாரி ஒரு கொப்பியைக் காட்டியே எங்களைப் பொய்யர் ஆக்கியிருப்பார்.

மனு எழுதிய விதம்

எழுதும்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் வாசித்தால், "நான் செய்வது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளக் கூடியதாக வரி இருக்க வேண்டும். அவர் அதை நியாயம் என்பார், நாங்கள் அநியாயம் என்போம். ஆனால் நடந்தது எது என்பதில் சண்டை இருக்கக் கூடாது.

"இரத்தம் குடிக்கும் முதலாளி" இருந்த இடத்தில், "நெல் வாங்குபவர்கள் ஈரத்துக்காக விலையையும் குறைத்து, மூடைக்கு மூன்று கிலோவும் கழிக்கிறார்கள், ஒரே ஈரத்துக்கு விவசாயி இருமுறை இழக்கிறார்" என்று வந்தது. முதலில் நான் "கழிக்கப்படுகிறது" என்றுதான் எழுதியிருந்தேன். குழுவில் இருந்த ஆசிரியை அதை மாற்றச் சொன்னார்: செய்கிறவர்கள் இருக்கும்போது தானாக நடந்தது போல எழுதக் கூடாது என்று. சரியான திருத்தம். ஆளைப் பிசாசாக்காமல் விடுவது வேறு, ஆளையே வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுவது வேறு.

அதிகாரிகளைப் பற்றியும் அப்படியே. "அதிகாரிகள் தூங்குகிறார்கள்" என்ற வரியை வெட்டிவிட்டு, அறுவடை தொடங்கும் வரை விலை அறிவிக்கப்படாததையும் களஞ்சியம் திறக்கப்படாததையும், அதற்குள் எங்கள் வட்டையில் பாதிக்கு மேல் நெல் விற்றுப்போனதையும் எழுதினோம். கோரிக்கைகள் ஐந்து: விலையை விதைப்புக்கு முன் அறிவிப்பது, அறுவடைக்கு முன் களஞ்சியத்தைத் திறப்பது, வட்டைக்கு ஒரு காயவைக்கும் தளம், அறுவடைக்கு முன் தராசுப் பரிசோதனை, பெரிய ஆலைகளின் கொள்முதல் விலையையும் இருப்பையும் வெளியிடுவது. வியாபாரிகளுக்கு இரண்டு: கழிவை ஒரு கிலோவாக்குவது, கடன் விலையையும் காசு விலையையும் துண்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுப்பது.

அனுப்புமுன் வியாபாரிக்கு வாசித்துக் காட்டினோம். ஆலை பிந்திய செக் கொடுப்பதைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம். கடன் விலை பற்றிய பகுதியை எடுக்கச் சொன்னார், எடுக்கவில்லை. அயல் வட்டை முஸ்லிம் விவசாயிகளும் மனுவில் கையொப்பம் வைத்தார்கள். அதை ஒழுங்குபடுத்தித் தந்தது அவர்தான்.

பின்னர் நடந்தவை

நடந்தது பெரிய வெற்றி இல்லை. களஞ்சியம் திறந்தது எங்கள் நெல் பெரும்பாலும் போன பிறகு. அந்தப் போகத்தின் விலை மாறவில்லை. தளம் பற்றி "நிதி வந்தால் பார்ப்போம்" என்ற பதில் வந்தது. அளவை அதிகாரி வந்து தராசுகளைச் சோதித்து முத்திரையிட்டார். குறை காட்டிய தராசு திருத்தத்துக்குப் போனது.

மூவரில் இரண்டு வியாபாரிகள் கழிவை ஒரு கிலோவாக்கினார்கள். ஆனால் விலையில் ஒரு ரூபாயைக் குறைத்து 94 ஆக்கினார்கள். கணக்குப் பார்த்தால் விவசாயியின் கைக்கு 92 ரூபாய் 64 சதம். முன்னையதைவிட கிலோவுக்கு 1 ரூபாய் 77 சதம் கூட. நாலாயிரம் கிலோ போடுபவருக்கு ஏழாயிரம் ரூபாய். மூன்றாவது வியாபாரி எங்கள் வட்டைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவரிடமே கடன் வைத்திருந்த சிலர் நெல்லைத் தாங்களே ஏற்றிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டி வந்தது. அவர்களுக்கு இந்த முயற்சியால் நட்டம்தான்.

துண்டுப்பிரசுரம் எழுதியவர்களில் இருவர் இப்போது நிறுக்கும் இடத்தில் நின்று கொப்பியில் பதிகிறார்கள். இன்னொருவர் அமைப்பை விட்டே விலகினார். வட்டியில் ஒரு சதமும் குறையவில்லை, நீங்கள் முதலாளியோடு தேத்தண்ணி குடித்ததுதான் மிச்சம் என்பது அவருடைய பேச்சு. வட்டியைப் பற்றி அவர் சொல்வது உண்மை. கடன் விலையைத் துண்டில் எழுத ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அடுத்து வந்த சிறுபோகத்தில் (கோடைப் போகத்தில்) குளத்துத் தண்ணீர் பாயும் பக்கம் மட்டும் செய்கை நடந்தது. அப்போது பதினொரு குடும்பங்கள் சேர்ந்து, தங்கள் நெல்லில் மூன்றில் ஒரு பங்கை உடனே விற்காமல் படங்கு விரித்துக் காயவைத்து வைத்தார்கள். அவசரக் கடனை அடைக்க அமைப்பின் சேமிப்பிலிருந்து சிறு தொகை கொடுத்தோம். அந்தப் பங்கு காய்ந்த நெல்லாக 120 ரூபாய்க்குச் சற்று மேலே விற்றது. வாங்கியவர்களில் படம் போடப்பட்ட அந்த வியாபாரியும் ஒருவர். காய்ந்த நெல்லில் தனக்கும் தலையிடி குறைவு என்றார்.

அடுத்த போகத்துக்கு மாற்ற வேண்டியவை

அறுவடை தொடங்கிய பிறகு பேசுவது பிந்திய பேச்சு. கடன் எழுதும் நேரம் ஒக்டோபர். பேரம் பேச வேண்டியதும் அப்போதுதான். அதற்கு அமைப்பின் சேமிப்பு இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு கூட வேண்டும். கூட்டாகப் பசளையைக் காசுக்கு வாங்கிப் பிரிக்க முடிந்தால் 20 வீதத்தில் பாதியாவது மிஞ்சும். வியாபாரியைத் திருத்துவதைவிட அவரிடம் கடனுக்குப் போகத் தேவையில்லாமல் செய்வதுதான் நடக்கக் கூடிய காரியம் என்று எனக்குப் படுகிறது.

குத்தகைக்காரர்கள் கூட்டத்தில் இருந்தார்கள், மனுவில் இல்லை. மானியம் காணிக்காரருக்குப் போவதைக் கேட்டால் காணிக்காரர்கள் கோபிப்பார்கள் என்பதால் அந்தக் கோரிக்கை எழுதப்படவே இல்லை. அமைப்பின் நிருவாகத்தில் இருப்பவர்களில் சிலர் தாங்களே குத்தகைக்குக் கொடுப்பவர்கள். தூரத்து ஆலையைக் கேள்வி கேட்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

கடைசிக் கூட்டத்தில் களை பிடுங்கப் போகும் பெண் ஒருவர் எழும்பிக் கேட்டார்: "உங்கட கிலோக் கணக்கில எங்கட கூலி எங்க இருக்கு? ஆம்பிளைக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு குடுக்கிறீங்களே, அதுக்கு ஆரிட்ட மனுக் குடுக்கிற?" முன் வரிசையில் இருந்த சிலர், இது அதற்கான கூட்டம் இல்லை என்றார்கள். செயலாளர் கூலிக் கணக்கையும் எடுக்க வேண்டும் என்று குறிப்பில் எழுதினார். இரண்டு பேர் எதிர்ப்பைப் பதியச் சொன்னார்கள், அதுவும் பதியப்பட்டது. அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன் நடக்கும் கூட்டத்தில் அது முதல் விடயமாக வைக்கப்பட்டிருக்கிறது.